பழக்குதலும் அடக்குதலும்

'அடியாத மாடு படியாது' என்ற பழமொழியை முதலில் சொன்னவர் யாராகவும் இருக்கலாம். மாடாக மட்டும் இருந்திருக்க முடியாது. பழமொழிகளைக் காலத்தால் கனிந்த ஞானம் என்று போற்றுவது நம் வழக்கம். அவற்றுள் பல, பிரம்பைக் கையில் வைத்திருந்தவர்களின் வசதிக்காகப் பிறந்தவை என்பதை நாம் யோசிப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் இப்பழமொழி செல்லாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்லிவிட்டது. ஆனால் வீட்டுக்குள் புதிதாக வந்துசேரும் நாய்க்குட்டியின் விஷயத்தில் அந்தப் பிரம்பு இன்னும் ஓய்வு பெறவில்லை. சுருட்டிய செய்தித்தாளாகவும், கழுத்தை இறுக்கும் சங்கிலியாகவும், 'ஆல்ஃபா' என்று பெயர் சூட்டிக்கொண்ட கோட்பாடாகவும் அது உருமாறி நடமாடுகிறது.

நம் நகரத்து வீடுகளில் ஒரு நாய்க்குட்டியின் முதல் ஆறு மாதங்கள் பெரும்பாலும் எப்படிக் கழிகின்றன என்பதை வரிசைப்படுத்திப் பார்ப்போம். நாற்பது நாள்கூட நிரம்பாத குட்டி, தாயிடமிருந்தும் உடன்பிறந்தவற்றிடமிருந்தும் பிரிக்கப்பட்டு அட்டைப்பெட்டியில் வந்து இறங்குகிறது. முதல் இரவு அழுகிறது. 'செல்லம் கொடுத்தால் கெட்டுவிடும்' என்று குளியலறையில் அடைக்கப்படுகிறது. இரண்டாம் நாள் கூடத்தில் சிறுநீர் கழிக்கிறது. அதன் மூக்கை அந்த ஈரத்தில் தேய்த்து முதுகில் ஓர் அடி. மூன்றாம் வாரம் குழந்தையின் விரலைக் கவ்வுகிறது. வாயைப் பிடித்து இறுக்கி இன்னோர் அடி. பிறகு மாடிப்படிக்குக் கீழே ஒரு சங்கிலி. 'ஊசியெல்லாம் முடியும் வரை வெளியே விடாதீர்கள்' என்ற அறிவுரையின் பேரில் நான்கு மாதம் அது தெருவைப் பார்ப்பதில்லை. வீட்டார் நால்வரைத் தவிர வேறு மனித முகம் அறிவதில்லை. ஆறாம் மாதம் முதன்முறையாகத் தெருவுக்கு இழுத்துவரப்படும் அந்த விலங்கு, தலைக்கவசம் அணிந்தவரைக் கண்டு குரைக்கிறது. குடை பிடித்தவரைக் கண்டு பம்முகிறது. ஓடிவரும் சிறுவனைக் கண்டு பல்லைக் காட்டுகிறது. உடனே தீர்ப்பு எழுதப்படுகிறது: 'இந்த நாய் சரியில்லை.'

நாய் சரியாகத்தான் இருக்கிறது. நாம் கற்பித்ததை அது பிசகாமல் கற்றிருக்கிறது. உலகம் அந்நியமானது, மனிதக் கை வலி தருவது, நெருங்கி வருபவரை எட்ட நிறுத்துவதே பாதுகாப்பு என்ற மூன்று பாடங்களையும் ஆறு மாதம் ஓயாமல் நடத்தியவர்கள் நாம். எங்கள் வாதம் இவ்வளவே: நாய்க்குட்டிக்கு முதல் மூன்று மாதங்களில் தேவைப்படுவது அறிமுகம், கீழ்ப்படிதலுக்கு அதன் பிறகே இடம். அறிமுகத்தை மறுத்துவிட்டு, அந்த மறுப்பினால் விளைந்த அச்சத்தை அடித்துத் திருத்த முற்படுவதைத்தான் நாம் நாய் வளர்ப்பு என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

*

தமிழில் 'பழகு' என்றொரு வினை இருக்கிறது. ஒருவரோடு அறிமுகமாகி நெருங்குவதும் பழகுதல். ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்து கைவரப்பெறுவதும் பழகுதல். அயல்வீட்டாரோடு பழகுகிறோம், நீச்சல் பழகுகிறோம். அதன் பிறவினையே 'பழக்கு'. ஆக, நாயைப் பழக்குவது என்றால் அதை உலகத்தோடு பழகச் செய்வது என்றுதான் சொல்லின் அமைப்பே சொல்கிறது. நிபுணர்கள் இன்று சமூகமயமாக்கல் என்றும் பயிற்சி என்றும் இரண்டு அத்தியாயங்களாகப் பிரித்துப் பேசுவதை நம் மொழி ஒரே வேரில் வைத்திருக்கிறது. பழகாத ஒன்றைப் பழக்க முடியாது என்பது அந்த வேரின் இலக்கணம்.

மொழி அறிந்ததை நாம் மறந்தோம். பழக்குதல் என்ற சொல்லை வைத்துக்கொண்டு, அதற்குள் அடக்குதல் என்ற பொருளைத் திணித்தோம். கவனியுங்கள்: தமிழைத் தவிர வேறெதுவும் புழங்காத வீடுகளிலும் நாயிடம் மட்டும் 'சிட்', 'கம்', 'நோ' என்றே பேசுகிறோம். ஆணையிடுவதற்குத் துரைமாரின் மொழியே பொருத்தம் என்று நம் மனத்தில் எங்கோ படிந்துவிட்டது போலும். நாய்க்கு எந்த மொழியும் ஒன்றுதான்; 'உட்கார்' என்றாலும் அது உட்காரும். ஆணையிடுபவருக்குத்தான் அந்தத் தொனி தேவைப்படுகிறது.

*

அறிமுகத்துக்கு ஒரு காலம் உண்டு என்பது எங்கள் ஊகமன்று. 1961ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் ஃப்ரீட்மன், கிங், எலியட் ஆகிய மூவர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பார் ஹார்பர் என்ற ஊரின் ஜாக்சன் ஆய்வகத்தில் நடந்த சோதனை அது. உயர்ந்த வேலி சூழ்ந்த வெளியில் நாய்க்குட்டிகள் தாயோடு விடப்பட்டன. மனிதர் கண்ணில் படாமலே உணவும் நீரும் உள்ளே சென்றன. சில குட்டிகளை இரண்டாம் வாரத்திலும், வேறு சிலவற்றை மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பதாம் வாரங்களிலும் வெளியே எடுத்து, ஒரு வாரம் மனிதரோடு பழகவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். மிச்சமிருந்த குட்டிகள் பதினான்கு வாரம் மனித வாடையே அறியாமல் வளர்ந்தன. இறுதியில் எல்லாவற்றையும் சோதித்தபோது, இடைப்பட்ட வாரங்களில் பழகியவை மனிதரை ஏற்றுக்கொண்டன. பதினான்கு வாரம் தனித்திருந்தவையோ காட்டு விலங்குகளைப் போல மிரண்டன. அதே ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்காட்டும் ஃபுல்லரும் 1965இல் வெளியிட்ட நூல், ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலத்தை நாய்க்குட்டியின் பழகும் பருவம் என்று வரையறுத்தது.

இதன் காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று. மூன்று வாரக் குட்டிக்குக் கண்ணும் காதும் அப்போதுதான் திறந்திருக்கின்றன. உலகில் எது சாதாரணம், எது ஆபத்து என்ற பட்டியலை அது தயாரிக்கத் தொடங்குகிறது. அந்த வாரங்களில் ஆர்வம் அச்சத்தை விடப் பெரிதாக இருக்கிறது. எதைக் கண்டாலும் முகர்ந்து பார்க்க முன்வருகிறது. பிறகு மெல்ல அச்சம் தலைதூக்கி, பட்டியலில் இடம்பெறாத அனைத்தையும் ஐயத்தோடு பார்க்கச் செய்கிறது. கதவு ஒரே நாளில் அறைந்து சாத்தப்படுவதில்லை. ஆனால் அது சாத்திக்கொண்டே வருகிறது. பிந்திப் பழக்குவது முடியாத காரியமல்ல. பல மாத உழைப்பும் பொறுமையும் கேட்கும் காரியம்.

பார் ஹார்பரின் அந்தச் சோதனை அதற்கு ஆளான குட்டிகளைப் பொறுத்தவரை கொடுமையானது. அக்கொடுமைக்கு ஓர் அர்த்தம் உண்டென்றால், அதை மறுபடி யாரும் செய்ய வேண்டியதில்லை என்பதே. நாமோ அச்சோதனையின் கொடிய பாதியை மொட்டைமாடிகளிலும் கார் நிறுத்துமிடங்களிலும் தினந்தோறும் மறுபடி நடத்திக்கொண்டிருக்கிறோம். முடிவு என்னவாக இருக்கும் என்பது அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த பின்னரும்.

ஒரு முரணையும் இங்கே சொல்ல வேண்டும். தேநீர்க் கடை வாசலில் பிறந்த தெருக்குட்டி, இரண்டு மாதத்துக்குள் ஆட்டோ ஒலிப்பானையும் சாவு மேளத்தையும் பள்ளிச் சிறுவர்களின் கூச்சலையும் கைத்தடி ஊன்றிய கிழவரையும் பழகிக்கொண்டுவிடுகிறது. இருபதாயிரம், முப்பதாயிரம் கொடுத்து வாங்கப்பட்ட லாப்ரடார் குட்டிக்கு அந்தக் கல்வி வாய்ப்பதில்லை. இதைச் சொல்லும்போது தெருவை நாங்கள் புனிதப்படுத்தவில்லை. மேற்கு வங்கத்தில் தெருநாய்க் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியான ஆய்வில், 364 குட்டிகளில் இனப்பெருக்க வயதை எட்டியவை 19 சதவீதமே. இறப்புகளில் பாதிக்கு மேல் மனிதரால் நேர்ந்தவை. தெருவில் அறிமுகம் இருக்கிறது, பாதுகாப்பு இல்லை. வீட்டில் பாதுகாப்பு இருக்கிறது, அறிமுகம் இல்லை. இரண்டையும் சேர்த்துத் தரக்கூடிய இடம் வீடு ஒன்றுதான் என்பதால்தான் வீட்டைக் கேள்வி கேட்கிறோம்.

*

'ஊசி முடியும் வரை வெளியே விடாதே' என்ற அறிவுரைக்கு வருவோம். இது பொய்யான அச்சம் அல்ல. பார்வோ என்னும் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கக் கூடியது. தடுப்பாற்றல் இல்லாத குட்டியை இரத்தக் கழிச்சலில் சில நாட்களில் கொன்றுவிடும். தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள் தடுப்பூசியின் வேலையைக் குறுக்கிடுவதால், ஆறு அல்லது எட்டு வாரத்தில் தொடங்கிப் பதினாறு வாரம் வரை இடைவெளி விட்டுப் பல தவணைகளாக ஊசி போட வேண்டியிருக்கிறது. ஊசி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் கேள்வி வேறு. ஊசி முடிகிற பதினாறாம் வாரத்தில்தான் வாசற்கதவைத் திறப்போம் என்றால், பன்னிரண்டாம் வாரத்தோடு சுருங்கிவிடும் பழகும் பருவத்தை என்ன செய்வது?

அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர்களின் சங்கம் 2008இலேயே இதற்கு விடை சொல்லிவிட்டது. ஏழெட்டு வாரத்திலேயே, குறைந்தது ஒரு தவணை ஊசி போட்டு ஒரு வாரம் கழிந்ததும், மற்றக் குட்டிகளோடும் மனிதரோடும் பழகும் வகுப்புகளைத் தொடங்கலாம் என்றது. மூன்று வயதுக்குட்பட்ட நாய்கள் சாவதற்கு முதற்காரணம் தொற்றுநோய் அல்ல, நடத்தைச் சிக்கல்களே என்றும் அதே அறிக்கை எச்சரித்தது. வளர்ப்பவர் கைவிடுவதும், காப்பகத்தில் தள்ளுவதும், ஊசி போட்டுக் கொன்றுவிடுவதும் அந்தச் சாவின் வடிவங்கள். கிருமியிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து அச்சத்திடம் ஒப்படைப்பது எவ்வகைப் பாதுகாப்பு?

இரண்டையும் ஒருங்கே செய்ய முடியும், செலவும் அதிகமில்லை. குட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு தெருமுனையில் பத்து நிமிடம் நின்றால் போதும். அதன் கால் மண்ணில் படாமலே பேருந்தும் பால்காரரும் பள்ளிவிட்டு வரும் கூட்டமும் அதற்கு அறிமுகமாகிவிடும். பல நாய்கள் வந்துபோகும் பூங்காவைத் தவிர்த்துவிட்டு, ஊசிகள் முறையாகப் போட்ட நண்பர் வீட்டு நாயோடு பழகவிடலாம். குக்கர் விசிலும் மிக்சி இரைச்சலும் அழைப்புமணியும் நம் வீட்டிலேயே இருக்கின்றன. பட்டாசு ஒலியின் பதிவை மிகத் தாழ்ந்த சத்தத்தில் வைத்து, கூடவே வேகவைத்த கோழித்துணுக்கு கொடுத்து, நாட்போக்கில் சிறிது சிறிதாக ஒலியைக் கூட்டினால், தீபாவளியன்று கட்டிலுக்கடியில் நடுங்கிக் கிடக்கும் நாய்கள் குறையும். காதையும் பாதத்தையும் வாயையும் தினமும் மென்மையாகத் தொட்டுப் பழக்கினால், பின்னாளில் மருத்துவரிடம் கொண்டுபோகும்போது நான்கு பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: அணுகுவதா, விலகுவதா என்ற முடிவு குட்டியுடையதாக இருக்க வேண்டும். பிறந்தநாள் விருந்தில் இருபது குழந்தைகள் கைமாற்றிக் கைமாற்றித் தூக்கிக் கொஞ்சுவது அறிமுகம் ஆகாது, அது அமிழ்த்தல். நீச்சல் கற்பிக்கக் கிணற்றில் தள்ளுவது போன்றது. தப்பிப் பிழைத்துக் கரையேறியதைக் கற்றுக்கொண்டதாக நினைப்பது தள்ளியவரின் மயக்கம்.

*

அடுத்து, 'ஆல்ஃபா'. 'நாய் என்பது ஓநாயின் வாரிசு. ஓநாய்க் கூட்டத்தில் ஒரு தலைவன் உண்டு. அவன் மற்றவற்றைப் பலத்தால் அடக்கி வைத்திருக்கிறான். ஆகவே நீ உன் வீட்டு ஓநாய்க்குத் தலைவனாக இரு. நீ உண்ட பின் அதற்குச் சோறு வை; வாசலில் நீ முன்னே செல்; முறைத்தால் மல்லாக்கத் தள்ளி அமுக்கு.' இணையக் காணொளிகளிலும், மாதக் கூலிக்கு வீட்டுக்கு வரும் பயிற்சியாளர்கள் வாயிலும் இன்றும் ஒலிக்கும் வேதம் இது.

வேதத்தின் மூலத்தைத் தேடிப் போனால் கிடைப்பது ஒரு விலங்குக்காட்சிசாலை. ருடால்ஃப் ஷெங்கெல் 1947இல் எழுதிய ஆய்வு, சுவிட்சர்லாந்தின் பாசல் நகர விலங்குக்காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பற்றியது. குறுகிய அடைப்புக்குள், தப்பிச் செல்ல வழியின்றி, செயற்கையாக ஒன்றாக வைக்கப்பட்ட விலங்குகள் ஒன்றோடொன்று மோதியதைத்தான் அவர் பதிவு செய்தார். சிறைச்சாலையைப் பார்த்துவிட்டு மனிதக் குடும்பத்தின் இலக்கணத்தை எழுதினால் எப்படியிருக்குமோ அப்படி. டேவிட் மீச் 1970இல் வெளியிட்ட ஓநாய் பற்றிய புகழ்பெற்ற நூல் இக்கருத்தைப் பரப்பியது. பிற்பாடு அதே மீச், கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களோடு கோடைகாலங்களைக் கழித்தார். அங்கே அவர் கண்டது தாய், தந்தை, அவற்றின் பிள்ளைகள் அடங்கிய ஒரு குடும்பம். ஆட்சிக்குப் போட்டியிடும் படைத்தலைவர்கள் அங்கில்லை. தான் பரப்பிய சொல்லைத் தானே மறுத்து 1999இல் கட்டுரை எழுதினார். தன் பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தை வேண்டினார். தன் நூலைத் தானே விலக்கக் கோரும் நேர்மை நம் இலக்கியச் சூழலிலும் அபூர்வமானது. வேதம் எழுதியவர் கைவிட்ட பின்னும் பூசாரிகள் ஓதிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு கிளையும் உண்டு. ஜெர்மானியக் காவல் நாய்களைப் பழக்கிய கொன்ராட் மோஸ்ட் 1910இல் ஒரு கையேடு எழுதினார். நவீன நாய்ப் பயிற்சி நூல்களின் முன்னோடிகளுள் அது ஒன்று. இழுப்பும் தண்டனையும் அதன் அடிப்படைக் கருவிகள். படைமுகாமுக்கும் காவல் நிலையத்துக்கும் வகுக்கப்பட்ட ஒழுங்கு, போர்கள் முடிந்ததும் பொதுமக்களின் வீட்டுக்கூடங்களுக்குள் நுழைந்தது. குழந்தையோடு விளையாட வாங்கிய குட்டிக்குப் படைவீரனின் பயிற்சி எதற்கு என்று கேட்பாரில்லை. அமெரிக்காவின் நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள் 1978இல் எழுதிய நூல், குட்டியை மல்லாக்கப் புரட்டி அமுக்கும் முறையைப் பிரபலமாக்கியது. 2002ஆம் ஆண்டின் திருத்திய பதிப்பில் அவர்களே அதை நீக்கிவிட்டார்கள். ஆல்ஃபாவின் வரலாறு இப்படி, சொன்னவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டவற்றின் வரலாறு.

*

'அடித்ததால் அடங்கியது, கண்ணால் பார்த்தோமே' என்பார்கள். அடங்கியது உண்மை. கற்றுக்கொண்டது எது என்பதுதான் கேள்வி.

கூடத்தில் சிறுநீர் கழித்த குட்டியை அரைமணி கழித்து இழுத்துவந்து அடித்தால், அதற்கும் இதற்கும் முடிச்சுப்போட அதனால் இயலாது. விளைவு ஓரிரு நொடிக்குள் வந்தால்தான் அதன் மனம் செயலோடு இணைத்துக்கொள்ளும். செயலின்போதே அடித்தாலோ, மனிதர் பார்க்கும்போது கழித்தால் அடி விழும் என்பதைக் கற்கிறது. பிறகு சோபாவுக்குப் பின்னால் போய்க் கழிக்கிறது. 'பார், தவறு என்று தெரிந்தே ஒளிந்துகொண்டு செய்கிறது' என்று அதன்மேல் குற்றவுணர்வையும் நாமே ஏற்றுகிறோம். இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மூன்று மணிநேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடி முடித்ததும் வெளியே கொண்டுபோய், கழித்த மறுநொடி ஒரு துண்டு தின்பண்டமும் ஒரு நல்ல சொல்லும் கொடுத்தால் சில வாரங்களில் முடிகிற வேலை இது. அடிப்பவர் நேரத்தை மிச்சப்படுத்துவதாக நினைக்கிறார்; மாதங்களை வீணாக்குகிறார்.

கடிப்பதும் அப்படித்தான். ஊசிமுனை போன்ற இருபத்தெட்டுப் பாற்பற்கள் நான்காம் மாதத்தையொட்டி விழத் தொடங்கும் வரை குட்டி எதையும் வாயால்தான் அறியும். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதை உடன்பிறந்த குட்டிகளோடு உருண்டு விளையாடித்தான் அது கற்க வேண்டும்; அழுத்திக் கடித்தால் எதிராளி கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்வதன் நியாயம் இதில் இருக்கிறது. நாற்பது நாளில் அந்த வகுப்பைக் கலைத்துவிட்டு, கற்காத பாடத்துக்காகக் குட்டியைத் தண்டிக்கிறோம். உடன்பிறந்தது செய்ததையே நாமும் செய்யலாம்: வலித்தால் விளையாட்டை நிறுத்தி எழுந்துபோவது, கவ்வ வேறொரு பொருள் கொடுப்பது. அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

எல்லாவற்றிலும் ஆபத்தானது உறுமலுக்காக அடிப்பது. உறுமல் என்பது நாயின் மொழியில் 'தயவுசெய்து விலகு' என்ற வாக்கியம். அதை அடித்து அழித்தால் அதன் பின்னிருக்கும் அச்சம் அழிவதில்லை. எச்சரிக்கை மட்டுமே அழிகிறது. 'எந்த அறிகுறியும் காட்டாமல் திடீரென்று கடித்துவிட்டது' என்று சொல்லப்படும் நாய்கள் பலவற்றுக்கு அறிகுறி காட்டும் பழக்கம் அடித்து மறக்கடிக்கப்பட்டிருக்கும்.

போர்ச்சுகலில் 92 வீட்டு நாய்களைக் கொண்டு நடந்த ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. தண்டித்துப் பழக்கும் பள்ளிகளுக்குச் சென்ற நாய்களின் உமிழ்நீரில் பயிற்சிக்குப் பின் மன அழுத்தத்துக்கான கார்ட்டிசால் கூடியிருந்தது. அதைவிட எங்களை உறுத்தியது அதன் இரண்டாம் பகுதி. ஓரிடத்தில் வைத்த கிண்ணத்தில் எப்போதும் உணவு இருக்கும், வேறோரிடத்தில் வைத்ததில் இருக்காது என்று நாய்களுக்குப் பழக்கிவிட்டு, இரண்டுக்கும் நடுவே ஒரு கிண்ணத்தை வைத்தார்கள். அதிகம் தண்டிக்கப்பட்ட நாய்கள் அதை நோக்கித் தயங்கித் தயங்கிச் சென்றன. அடி அவற்றிடமிருந்து எடுத்துக்கொண்டது நம்பிக்கையை. தெரியாத ஒன்றில் நல்லது இருக்கக்கூடும் என்ற எதிர்பார்ப்பை.

*

நம் மரபில் நாய்க்கு ஓர் உயர்ந்த இடமும் உண்டு. யானையைப் போன்றவரின் நட்பை விட நாயைப் போன்றவரின் நட்பே மேல் என்கிறது நாலடியார். யானை, நெடுநாள் பழகிய பாகனையே கொல்லும். நாயோ, தன் தலைவன் எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் வாலைக் குழைக்கும் என்பது அது காட்டும் காரணம். நட்பின் பொறுமைக்கு அழகான உவமை என்று காலங்காலமாகப் பாராட்டப்படும் செய்யுள். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: அந்த வேலை எறிந்தவனைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை? விசுவாசம் என்று நாம் கொண்டாடுவதில் எவ்வளவு நாயின் குணம், எவ்வளவு நம் வசதி? வேல் தைத்தும் வாலாட்டுவதைப் புகழும் மனம், வாலாட்டுகிறதே என்ற துணிவில் அடுத்த வேலையும் எடுக்கும். வாலாட்டம் எல்லாம் மகிழ்ச்சியும் அல்ல. உடலைத் தாழ்த்தி, காதை மடக்கி, வாலைத் தாழ்வாக விரைந்து ஆட்டும் நாய் கெஞ்சுகிறது. அதை அன்பென்று வாசிப்பது நம் வாசிப்பின் கோளாறு.

*

'மனிதருக்கே சோறில்லாத நாட்டில் நாய்க்குட்டியின் உளவியலா?' என்ற கேள்வி இத்தருணத்தில் வரும். இலக்கிய வாசகர்களிடமிருந்தே வரும் என்பதையும் அறிவோம். நாய் வளர்ப்பு இன்று பெருமளவு நடுத்தர, உயர்வர்க்கத்தின் அந்தஸ்துச் சின்னமாகிவிட்டது என்ற விமர்சனத்தை நாங்கள் முழுமையாக ஏற்கிறோம். ஏற்பதால்தான் எழுதுகிறோம். பழக்கப்படாத நாயின் பல் யார்மீது பதிகிறது? சீருந்தில் வந்து இறங்கும் உரிமையாளர்மீது அல்ல. பார்சல் கொண்டுவரும் இளைஞர்மீதும், வீட்டுவேலைக்கு வரும் அக்காமீதும், காவலாளிமீதும், தெருவில் விளையாடும் குழந்தைமீதும். ஒரு வர்க்கத்தின் அலட்சியத்துக்கு இன்னொரு வர்க்கத்தின் கெண்டைக்கால் விலை கொடுக்கிறது.

2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் ஒரு பூங்காவில் சிறுமியொருத்தியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறியபோது எழுந்த விவாதம் பெரும்பாலும் இனப்பெயர்களையே சுற்றிவந்தது. அதற்கு முன்பே, மார்ச் மாதம், 23 இனங்களைத் தடைசெய்யும்படி மத்திய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. ஏப்ரலில் கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இனத்தைத் தடைசெய்வது எளிது. பட்டியல் ஒன்று போதும். வளர்ப்பவரைக் கேள்வி கேட்பது கடினம். பெரிய தாடையும் பலமும் கொண்ட இனங்களின் கடி கொடியது என்பதில் ஐயமில்லை. அதனாலேயே அவற்றின் முதல் மூன்று மாதங்கள் மற்ற நாய்களுடையதை விடப் பொறுப்பு மிக்கவை. சட்டமும் இதை அறியாததல்ல. நியாயமற்ற நேரம் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பதையும், கட்டியே வளர்க்கும் நாயை நடமாட விடாதிருப்பதையும் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், அதன் 11ஆம் பிரிவில், வதை என்றே சொல்கிறது. முதல் குற்றத்துக்கு அது விதித்த தண்டம் ஐம்பது ரூபாயைத் தாண்டாது என்பது வேறு விஷயம்.

'அவ்வளவு நேரம் எங்களுக்கு இல்லை' என்பது கடைசி வாதம். நேர்மையான வாதம் என்பதால் இதற்கு மதிப்புக் கொடுக்கிறோம். நேரமில்லாதவர் நாய் வளர்க்காமல் இருக்கலாம். அது குற்றமல்ல, விவேகம். ஆனால் நேரமில்லை என்பதை அடிப்பதற்கான அனுமதிச் சீட்டாக நீட்ட முடியாது. நாய்க்குட்டி நம் வீட்டைத் தேர்ந்துகொள்ளவில்லை; நாம்தான் அதைத் தேர்ந்தோம். அது நம் மொழி அறியாது, நம் தரையின் புனிதம் அறியாது, நம் சோபாவின் விலை அறியாது. அந்நிய தேசத்தில் தனியே வந்து இறங்கிய ஓர் உயிருக்கு முதல் மூன்று மாதங்களில் நாம் எதைக் காட்டுகிறோமோ அதுவே பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு அதன் உலகம்.

படிய வைப்பது எப்படி என்ற கேள்வியோடு நாய்க்குட்டியை வீட்டுக்குக் கொண்டுவருபவர்கள், அதற்கு முன் வேறொன்றைக் கேட்டுக்கொள்ளட்டும்: இதனோடு பழக நமக்கு மனமிருக்கிறதா? இருந்தால், படிவது தானே வரும். இல்லையென்றால், கடைக்குப் போய்ச் சங்கிலி வாங்குவதற்கு முன், குட்டியை வாங்காமல் திரும்பிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.